மார்க்கண்டு, நாவலடி ஒழுங்கை

சிவகௌரி வாத்தியக்காரர்களை மட்டுமே வரைவாள். பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்த காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. கோயில் திருவிழாவில் மற்றவர்கள் சுவாமியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்க, அவள் மேளக்காரர் பக்கம் போய் நிலத்தில் சப்பணம் கட்டி இருந்துவிடுவாள். நாதஸ்வரக்காரரின் ஊதிய கன்னம், தவில்காரரின் கூடு போட்ட விரல்கள், தாளம் போடுகிறவரின் தூக்கக் கலக்கம் எல்லாம் அவளுடைய ஓவியங்களில் வந்தன. பருத்தித்துறை பஸ்ஸில் புல்லாங்குழல் ஊதிய கண் தெரியாத மனிதரை வரைந்தாள். தேவாலயத்தில் கிற்றார் வாசித்த பெட்டையை வரைந்தாள். வாசிக்கிறபோது மனிதருக்கு முகத்தில் இருக்கும் காவல் கழன்றுவிடுகிறது, அப்போதுதான் அது அவர்களுடைய முகம் என்று சொல்வாள்.

சுன்னாகத்துக்கு வடக்கே ஒரு தோட்டக் கிராமத்தில் தாய் குணலட்சுமியோடு இருந்தாள். கலியாணம் செய்யவில்லை. தகப்பன் செத்த பிறகு வெங்காயத் தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். நகரத்துப் பக்கம் ஒரு பெண்கள் பாடசாலையில் சித்திர ஆசிரியை. காலையில் ஸ்கூட்டியில் போய்ப் பின்னேரம் திரும்புவாள். வீட்டின் பின்வளவில் முன்பு வெங்காயம் கட்டித் தொங்கவிட்ட கொட்டிலைத்தான் படம் வரையும் இடமாக வைத்திருந்தாள்.

ஒரு வைகாசி மாதப் பின்னேரம், பள்ளிக்கூடத்தால் வரும் வழியில் நாவலடி ஒழுங்கை என்ற குறுகிய தெருவுக்குள் மேளச் சத்தம் கேட்டது. அந்த ஒழுங்கை அவளுடைய வீட்டுக்குக் கிட்டத்தான் இருந்தது. ஆனாலும் அவள் அதற்குள் ஒருநாளும் போனதில்லை. தலைமுறை தலைமுறையாக ஊரின் சாவீடுகளுக்குப் பறை அடிக்க வைக்கப்பட்ட சனங்களின் ஒழுங்கை அது. அழைத்தால் வரவேண்டும், மாட்டேன் என்று சொல்லக்கூடாது என்றிருந்த காலம் போய், பெடியள் எல்லாரும் சேர்ந்து இனி எந்த வீட்டுச் சாவுக்கும் எங்கள் ஆட்கள் அடிக்கமாட்டார்கள் என்று நிறுத்தி இருபது வருடத்துக்கு மேலாகிறது. இப்போது அந்த ஒழுங்கைக்குள் மேளம் கேட்பது வருடத்தில் ஒருமுறை, அவர்களுடைய வைரவருக்கு மடை வைத்துப் படைக்கும் நாளில் மட்டும்தான்.

சிவகௌரி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தாள்.

வேம்புக்குக் கீழே சூலம் நட்ட சின்னக் கோயில். அதற்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெறும் மேலில், மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு தடியாலும் அடித்துக்கொண்டு நின்றார். மெலிந்த உடம்பு. விலா எலும்புகள் ஒவ்வொரு அடிக்கும் ஏறி இறங்கின. கண்களை மூடவில்லை. முன்னால் நிற்கிற வைரவரோடு வழக்குப் பேசுகிறவர்போல நேரே பார்த்துக்கொண்டு அடித்தார். அடி வேகமாகி, இன்னும் வேகமாகி, ஒரு பெண் உரு வந்து விழுந்தாள். அவர் நிறுத்தவில்லை.  சிவகௌரி எத்தனையோ மேளம் கேட்டவள்தான். இப்படி அவளுடைய வயிற்றுக்குள் ஒன்றும் அடித்ததில்லை.

அடுத்த நாள் திரும்பவும் போய் அவரைத் தேடிப்பிடித்தாள். பெயர் மார்க்கண்டு. மனைவி இல்லை. ஒரே மகன் மயூரதன் சுன்னாகச் சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். குடும்பத்தோடு ஊரை விட்டு விலகி, நகரத்துக்குக் கிட்ட வாடகை வீட்டில் இருந்தான். கிழவர் தனியே ஒழுங்கையில்.

"உங்களை ஒருக்காப் படம் கீறவேணும் ஐயா" என்றாள்.

'ஐயா' என்ற சொல்லைக் கேட்டு அவர் அவளுக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"என்னையோ? என்னத்துக்கு ரீச்சர்?"

"நீங்கள் அடிச்சதைக் கேட்டனான். அதைக் கீறவேணும்."

"அடியைக் கீறலாமோ?" என்று சிரித்தார். பிறகு, "மோனுக்குத் தெரிஞ்சால் ஏசுவான்" என்றார். ஆனாலும், "வாறன்" என்றார்.

சனி ஞாயிறுகளில் வந்தார். எவ்வளவு சொல்லியும் முன்படலையால் வரவில்லை. தோட்டப் பக்கத்து வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டால் வந்து கொட்டிலுக்குள் நுழைந்துவிடுவார். ஓலை நெருப்பில் மேளத் தோலைக் காய்ச்சி, மெல்லத் தட்டிப் பார்த்து, பிறகு அடிப்பார். குணலட்சுமி முதல்நாள் குசினி அடுப்படியில் நின்று, "சாவில்லாத வீட்டிலை உதென்ன சத்தம்? அயலட்டை என்ன நினைக்கும்?" என்று முணுமுணுத்தாள். பிறகு, "மார்க்கண்டன், தேத்தண்ணி கிடக்கு, எடு" என்று கடதாசிக் கோப்பையைக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். சிவகௌரி நிறம் குழைத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கடதாசிக் கோப்பை அவளுடைய கண்ணில் பட்டதோ என்னவோ.

ஆளுயரத்துக்கும் கூடின படம் அது. பின்னணி முழுக்க அந்த ஊர்ச் செம்மண். மேளத்தின் வட்டம் கரிக் கறுப்பு. கைகள் இரண்டும் அசைவில் கலைந்து, எங்கே தடி எங்கே விரல் என்று தெரியாமல் இருந்தன. முகம் மட்டும் அசையாமல், கண் திறந்து, பார்க்கிறவரை நேரே பார்த்தது. முடிந்த நாளில் மார்க்கண்டு கிட்டப் போய் நின்றார். தொடப்போன கையை இழுத்துக்கொண்டார்.

"நானோ இது?"

"நீங்கள்தான்."

"பேர் போடுவியளோ கீழை?"

"போடத்தானே வேணும்."

"மார்க்கண்டு எண்டு போடுங்கோ. உங்கடை பக்கத்து ஆக்கள் மார்க்கண்டன் எண்டுதான் கூப்பிடுறவை. பதிவுகாரனும் அப்பிடித்தான் எழுதினவன். 'ன்' வேண்டாம். இடத்தையும் போடுங்கோ, நாவலடி ஒழுங்கை எண்டு. இல்லாட்டி ஆரோ எண்டு நினைப்பினம்."

அவர் சொன்ன மாதிரியே சிவகௌரி எழுதினாள்.

ஆவணியில் நகரத்து மண்டபம் ஒன்றில் கண்காட்சி வைத்தாள். இருபதுக்கு மேற்பட்ட ஓவியங்கள். உள்ளே நுழைந்தவுடனே எதிர்ச்சுவரில் மார்க்கண்டு. வந்தவர்களில் பாதிப்பேர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று போனில் படம் எடுத்தார்கள். ஒரு பத்திரிகை அதைப் பெரிதாகப் போட்டது. பேஸ்புக்கில் கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் எங்கள் ஆதி இசை, எங்கள் மண்ணின் குரல் என்றெல்லாம் எழுதினார்கள். மார்க்கண்டு தோய்த்து மடித்த வேட்டி கட்டி, பஸ் ஏறி ஒருநாள் வந்தார். தன் படத்தைக் கனநேரம் பார்க்கவில்லை. படத்தைப் பார்க்கிற ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ ஒரு கொழும்புப் பெண் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கியபோது, அந்தக் கையை அன்று முழுக்கச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசி நாளில் சிவகௌரி தன்னுடைய பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குள் அவள் நுழையும்போது மேசையில் விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் ஒரு மூலையில். பிறகு இன்னொரு மேசை சேர்ந்தது. பிறகு நாலைந்து. கேட்கும்போதே தெரிந்தது, பறைத் தாளம். சிவகௌரிக்கு உள்ளம் குளிர்ந்தது.

"என்ன, படம் பாத்த பாதிப்போ? இன்னும் போகேல்லைப் போல" என்று சிரித்தாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இரண்டாவது வரிசையில் யன்னல் பக்கம் இருந்த தர்சிகா மட்டும் குனிந்து கொப்பியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

தர்சிகா கெட்டிக்காரி. அதிகம் கதைக்கமாட்டாள். கணக்கிலும் விஞ்ஞானத்திலும் முதல் மூன்று பேருக்குள் வருவாள். சித்திரத்திலும் நல்ல கை. அந்த வாரம் முழுக்க அவள் ஒன்றும் வரையவில்லை. கொடுத்த தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தாள். வகுப்பில் தட்டுகிற சத்தம் ஓயவில்லை. சிவகௌரி பாடம் நடத்தும்போது நின்றுவிடும். அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் மெல்லத் தொடங்கும்.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் நிரோஜா என்ற பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"தர்சிகாவுக்கு என்ன? ஏன் ஒரு மாதிரி இருக்கிறா?"

நிரோஜா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ரீச்சருக்குத் தெரியாதோ? அந்தப் பெரிய படத்திலை நிக்கிறவர் அவளின்ரை அப்பப்பா. போன தவணை ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர், நாங்கள் கண்டனாங்கள். அதுதான்..."

"அதுதான் என்ன?"

"ஒண்டுமில்லை ரீச்சர்."

அப்போதுதான் சிவகௌரிக்கு மேசைத் தட்டல் விளங்கியது. முகம் சுட்டது. ஆனால் அன்று பின்னேரம் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும்போது கோபத்தை விடவும் வேறொரு எண்ணம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒளிக்கிறபடியால்தான் அது வெட்கமாகிறது. எல்லாருக்கும் முன்னால் திறந்து கதைத்தால் உடைந்துபோகும். அந்தப் பிள்ளையின் அப்பப்பாவைப் பார்த்து உலகமே வியக்கிறது. அதை அந்தப் பிள்ளைக்கும் வகுப்புக்கும் யாராவது சொல்லவேண்டும். என்ன சொல்வது என்று சனி ஞாயிறு முழுக்க யோசித்தாள். நன்றாகக் கதைக்கவேண்டும் என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லியும் பார்த்தாள்.

திங்கட்கிழமை பாடத்தை ஒதுக்கிவிட்டுக் கதைத்தாள். மேளம் எப்படி மனிதரின் முதல் வாத்தியம், ஒரு தாளத்தை விரலில் எடுக்க எத்தனை வருடம் வேண்டும், வைரவருக்கு முன்னால் தான் கேட்டது எப்படி இருந்தது என்றெல்லாம் சொன்னாள். ஒரு தொழிலை வைத்து மனிதரை இறக்கிப் பார்ப்பது எவ்வளவு அசிங்கம் என்று சொன்னாள். வகுப்பு அமைதியாகக் கேட்டது. சில பிள்ளைகளின் கண் கலங்கினதையும் கண்டாள். அந்த அமைதி அவளுக்குத் துணிவைக் கொடுத்தது.

"அந்தக் கலைஞனின்ரை பேத்தி எங்கடை வகுப்பிலைதான் இருக்கிறா. அது எங்களுக்குப் பெருமை. தர்சிகா, எழும்பு பிள்ளை."

தர்சிகா எழும்பவில்லை.

"எழும்பு பிள்ளை. வெக்கப்பட ஒண்டுமில்லை."

தர்சிகா எழும்பினாள். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவகௌரி கைதட்டினாள். வகுப்பும் கைதட்டியது. அடுத்த வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்து, என்ன விசயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். பின்னேரம் பள்ளிக்கூடம் விடுவதற்குள் அது எல்லா வகுப்புக்கும் தெரிந்திருந்தது.

தர்சிகா அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

முதலில் காய்ச்சல் என்று சொன்னார்கள். வேறொரு வகுப்புப் பிள்ளைகள் சாவீட்டுக்குப் பறைகாரரை அழைக்கிறதுபோல அவளுடைய மேசையில் வெற்றிலை பாக்கு வைத்ததை யாரும் சிவகௌரிக்குச் சொல்லவில்லை. அடுத்த கிழமை மயூரதன் அவளுடைய வீட்டுக்கு வந்து சொன்னான்.

அவன் முன்படலையைத் திறந்துகொண்டு நேரே வந்தான். நாற்பது வயது இருக்கும். கடையில் இருந்து அப்படியே வந்திருந்தான். சேர்ட் பையில் சின்னத் திருகாணி முறுக்கி குத்தியிருந்தது. சிவகௌரி கதிரையை இழுத்துப் போட்டாள். அவன் இருக்கவில்லை.

"தர்சிகாவின்ரை அப்பா" என்று தன்னைச் சொன்னான். போனைத் தட்டி அவளிடம் நீட்டினான். "இதை வாசியுங்கோ ரீச்சர்."

யாரோ ஒரு பிள்ளை மகளுக்கு அனுப்பின செய்தி. மார்க்கண்டுவின் படத்தைப் போட்டு, 'எங்கடை வீட்டிலை கிழவிக்கு வருத்தம் கடுமை. உங்கடை ஆளை ஆயத்தமா இருக்கச் சொல்லு' என்று எழுதியிருந்தது. கீழே சிரிக்கிற முகங்கள்.

"இன்னும் கிடக்கு. இதுதான் கொஞ்சம் நாகரிகமானது."

சிவகௌரி இன்னொருமுறை வாசித்தாள். பிறகு மெல்ல, "நான் நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கினாள்.

"தெரியும். நல்லதுக்குத்தான் செய்தனீங்கள். உங்களை மாதிரி ஆக்கள் எல்லாம் நல்லதுக்குத்தான் செய்யிறனீங்கள்." அவன் சத்தம் போடவில்லை. போன் திருத்துகிறவனுக்குரிய பொறுமையோடு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "எனக்குப் பதினெட்டு வயதிலை நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நிப்பாட்டினனாங்கள். உங்கடை ஊராக்கள் அடிச்சவை. கிணத்திலை தண்ணி அள்ள விடேல்லை. அப்பாவையும் மறிச்சுத்தான் நிப்பாட்டினனான். அந்த ஒழுங்கையின்ரை பேரை என்ரை பிள்ளை காவக்கூடாது எண்டு வாடகை வீட்டுக்குப் போனனான். ஆரும் எங்களை ஒண்டும் கேக்கேல்லை. அவளுக்கே வடிவாத் தெரியாது. நீங்கள் கீழை பேரும் எழுதி, ஒழுங்கையும் எழுதி, சுவரிலை கொழுவிப்போட்டு, பிறகு பிள்ளையையும் எழுப்பிக் காட்டினியள்."

"பேர் போடச் சொல்லி உங்கடை அப்பாதான் கேட்டவர்."

"கேப்பார். அவருக்கு விருப்பம் இருக்கும். சின்னனிலை இருந்து ஆரும் அவரை மரியாதையாப் பாக்கேல்லை. நீங்கள் பாத்தனீங்கள், கேட்டிட்டார். பிழை சொல்லேலாது." அவனுடைய குரல் முதல்முறையாக உடைந்தது. "நீங்கள் கேட்டுக் கீறினது சாமிக்கு அடிச்ச அடி ரீச்சர். உங்கடை பள்ளிக்கூடத்திலை தட்டினது எந்த அடி? சாவீட்டு அடி. அது உங்களுக்கு விளங்கேல்லை. ஏனெண்டால் அது உங்கடை வீட்டுச் செத்தவீட்டிலை உங்களுக்காக அடிச்சது. நீங்கள் கேட்ட சத்தமும் நாங்கள் கேட்ட சத்தமும் ஒண்டில்லை."

குணலட்சுமி உள்ளே இருந்து, "ஆரது பிள்ளை?" என்று குரல் கொடுத்தாள். மயூரதன் போனை வாங்கிக்கொண்டு படியிறங்கினான்.

சிவகௌரி அதிபரிடம் போனாள். அதிபர் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினார். பெற்றோர் வந்தார்கள், தங்கள் பிள்ளை அப்படிப்பட்டதில்லை என்றார்கள். ஒரு தாய், "பகிடிக்குச் செய்ததுகள். படம் கீறிக் காட்டினது நீங்கள்தானே" என்று சிவகௌரியைப் பார்த்தே சொன்னாள். உந்தக் கதையை இனிப் பெருப்பிக்காதேங்கோ என்று அதிபர் அவளைக் கேட்டுக்கொண்டார். சிவகௌரி, கார்த்திகையில் கொழும்பில் வைக்கவிருந்த கண்காட்சிக்கு அந்தப் படத்தை அனுப்பமாட்டேன் என்று அறிவித்தாள். பேஸ்புக்கில் தன் பக்கத்தில் இருந்ததை அழித்தாள். அது நூறு இடத்தில் கிடந்தது. ஆதி இசை என்று எழுதினவர்களிடம் எடுத்துவிடும்படி கேட்டாள். இருவர் எடுத்தார்கள். ஒருவர், நீங்கள் சாதிக்காரருக்குப் பயந்துவிட்டீர்கள் என்று திட்டி எழுதினார்.

பிறகு ஒருநாள் மயூரதனின் வாடகை வீட்டுக்குப் போனாள். அவன் கடையில். மனைவி கேதீஸ்வரி கதவைத் திறந்து, ஆளைக் கண்டதும் உள்ளே திரும்பிப் போய்விட்டாள். தர்சிகாதான் வந்தாள். முகம் சுருங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் மன்னிப்புக் கேக்க வந்தனான் பிள்ளை."

"படம் கீறினது பிழையில்லை ரீச்சர்" என்றாள் தர்சிகா. "படம் வடிவாத்தான் இருந்தது. முதல் கண்டவுடனை எனக்குச் சந்தோசமாத்தான் இருந்தது. பிறகுதான் மற்றவை சிரிச்சவை." தூணின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். "தட்டினதையும் தாங்கியிருப்பன். கொஞ்ச நாளிலை விட்டிருப்பினம். நீங்கள் எழும்பச் சொன்னனீங்கள். நான் எழும்பாமல் இருக்கப் பாத்தனான். ரெண்டாந்தரமும் சொன்னனீங்கள். ரீச்சர் சொன்னால் எழும்பத்தானே வேணும்."

சிவகௌரி அழுதாள். அந்தப் பிள்ளை அழவில்லை. தண்ணி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொன்னபோது, "அப்ப சரி ரீச்சர்" என்று உள்ளே போனாள்.

புரட்டாசி முடிய மழை தொடங்கியது. ஒரு ஞாயிறு மத்தியானம் தூறலுக்குள் மார்க்கண்டு வந்தார். வழக்கம்போல வேலிப் பொட்டால்தான் வந்தார். தோளில் மேளம் இல்லை. கொட்டிலுக்குள் சுவரோடு சாத்தி வைத்திருந்த படத்துக்கு முன்னால் குந்தினார். கண்காட்சிக்கு வந்த மனிதர் இல்லை அவர். தாடி வளர்ந்திருந்தது.

"மோன் கதைக்கிறேல்லை. ரெண்டு மாசமாச்சு. அது பரவாயில்லை. பேத்தி கதைக்கிறாள் ரீச்சர். போன் எடுத்து, அப்பப்பா சாப்பிட்டியளோ எண்டு கேக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு."

சிவகௌரி அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"அவளை வவுனியாவிலை சித்தி வீட்டை அனுப்பப்போகினமாம். அங்கை ஆருக்கும் தெரியாதாம்." படத்தை நிமிர்ந்து பார்த்தார். "இதை இல்லாமல் செய்யவேணும்."

"ஐயா, இதை இல்லாமல் செய்தாலும் போனிலை கிடக்கிறது போகாது."

"தெரியும். மோனும் சொன்னவன் எண்டு பேத்தி சொன்னவள். ஆனால் அவன் நாளைக்கு என்னட்டை வந்து, அது எங்கை எண்டு கேட்டால், இல்லை எண்டு நான் சொல்லவேணும். எனக்கு அது காணும்."

"கொண்டு போங்கோ. உங்கடை படம்தானே. வீட்டிலை வையுங்கோ."

"என்ரை வீட்டிலையோ? அது நிக்கிற உயரத்துக்கு என்ரை வீட்டுக் கூரை காணாது." சிரிக்க முயன்றார். "எரிக்க வேண்டாம். புகையைக் கண்டு ஊர் வரும். நிறத்தாலை மூடிவிடுங்கோ."

அவள் மறுத்தாள். தான் செய்ததிலேயே ஆக நல்ல படம் அது என்று அவளுக்குத் தெரியும். இனி அப்படி ஒன்று வராது என்றும் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தாள். குந்தியிருந்த மனிதரைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். வெள்ளைப் பூச்சு வாளியைத் திறந்தாள். அகலத் தூரிகையை எடுத்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் செம்மண் பக்கத்தில் மூலையில் தொடங்கினாள்.

"அங்கை வேண்டாம்" என்றார் மார்க்கண்டு. "கண்ணை முதல் மூடுங்கோ. அது பாத்துக்கொண்டிருக்கேக்கை என்னாலை இருக்கேலாது."

அவள் கண்களை மூடினாள். முதல் பூச்சில் அவை முழுதாகப் போகவில்லை. வெள்ளைக்குள் இருந்து இன்னும் பார்த்தன. இரண்டாம் முறை, மூன்றாம் முறை இழுத்தாள். பிறகு நெற்றி, வாய், விலா எலும்புகள், கைகள். மேளத்தின் கறுப்பு மூட மறுத்துச் சாம்பலாக ஊறிக்கொண்டே இருந்தது. மழை கொட்டில் தகரத்தில் பெரிதாக விழத் தொடங்கியது. பெயர் எழுதியிருந்த இடம் கடைசியாக மிஞ்சியது. மார்க்கண்டு எழுத்து வாசிக்கத் தெரியாதவர். எது தன் பெயர் என்று அவருக்கு அவள்தான் முன்பு விரல் வைத்துக் காட்டியிருந்தாள். அவர் எழும்பி வந்து அவளுடைய கையில் இருந்த தூரிகையை வாங்கி, அதைத் தானே மூடினார். பழக்கமில்லாத கை. கோணலாக இழுபட்டது.

"சரி" என்றார். தூரிகையைத் தண்ணீருக்குள் வைத்தார். சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு மழைக்குள்ளேயே போய்விட்டார்.

தர்சிகா வவுனியாவுக்குப் போனாள். சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரம் எடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டாள் சிவகௌரி. வகுப்பில் தட்டுகிற சத்தம் தானாக ஓய்ந்தது. தட்டிக் காட்டுவதற்குத் தர்சிகா இல்லாமல் போனதும் பிள்ளைகள் வேறு விளையாட்டுக்குப் போனார்கள். கெட்ட பிள்ளைகள் என்று சொல்லவும் முடியாது. தவணை முடிந்த நாளில் அவர்கள் சிவகௌரிக்குப் பூச்செண்டு கொடுத்துக் கட்டிப்பிடித்தார்கள். அவள் விறைத்துப்போய் நின்றாள்.

மாசி மாதம் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மயூரதன்.

"அப்பா மோசம் போயிட்டார். நேத்துப் பின்னேரம்."

"ஐயோ... என்ன நடந்தது?"

"நெஞ்சு நோ எண்டிருக்கிறார். பக்கத்து வீட்டாக்கள் ஓட்டோ பிடிக்கிறதுக்குள்ளை..." யாரோ கேட்டதற்கு அந்தப் பக்கம் பதில் சொல்லிவிட்டு வந்தான். "நானும் பக்கத்திலை இல்லை. நாங்கள் இன்னும் கதைக்கத் தொடங்கேல்லை."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் கேள்விப்பட்டு வரப்பாப்பியள் எண்டுதான் எடுத்தனான்" என்றான் அவன். "வரவேண்டாம் ரீச்சர். பிள்ளை வவுனியாவாலை வந்து நிக்கிறாள். உங்களைக் கண்டால் ஆக்கள் திரும்பவும் அந்தக் கதையை எடுப்பினம். அவள் அப்பப்பாவுக்கு அழட்டும். வேறை ஒண்டுக்கும் அழக்கூடாது."

"ஓம்" என்றாள் சிவகௌரி.

"கோவத்திலை சொல்லேல்லை."

"ஓம். விளங்குது."

அவன் உடனே வைக்கவில்லை. பின்னால் பெண்கள் அழுகிற சத்தமும் யாரோ கதிரைகளை இழுக்கிற சத்தமும் கேட்டன. பிறகு தொடர்பு அறுந்தது.

அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். நாவலடிச் சந்தியில் வாழை கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெடியள் அவளைக் கண்டு வேலையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்கள்.  அவள் வேகத்தைக் குறைத்தாள். ஒழுங்கைக்குள் வெள்ளைச் சேலைகள் தெரிந்தன. அந்தக் கூட்டத்துக்குள் தர்சிகா எங்கே நிற்கிறாள் என்று அங்கிருந்து தெரியவில்லை. தேடிப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு, நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். முதலாம் பாடம் ஆறாம் வகுப்பு. பிள்ளைகளுக்குப் பூச்சாடி ஒன்றை மேசையில் வைத்து, கீறுங்கோ என்றாள்.